இசட் இசட் பிளான்ட் வாங்குறீங்களா? காசு குடுக்கறதுக்கு முன்னாடி தண்ட ஆட்டிப் பாருங்க

சென்னைல ஆன்லைன்ல செடி வாங்குறவங்க இத ஒரு தடவ படிச்சிடுங்க. இசட் இசட்னு வீட்டுக்குள்ள வைக்கற அலங்காரச் செடியோட தண்ட வெட்டி, வேரே இல்லாம தொட்டில சொருகி, முழுச் செடின்னு 650 ரூபாய்க்கு வித்துட்டு இருக்காங்க.

எங்க வீடு மடிப்பாக்கத்துல. பக்கத்து அபார்ட்மென்ட் செவுரு ஒட்டி நிக்கறதால ஹால்ல வெயிலே விழாது, அந்த எடத்துக்கு இதுதான் செட் ஆகும்னுதான் தேடினேன். ஈசிஆர்ல நர்சரி இருக்குன்னு போட்டிருந்த ஒரு இன்ஸ்டா பேஜ் (பேர் இங்க போடல), ஆறு தண்டு, பளபளன்னு இலை, வெள்ளை செராமிக் தொட்டி, டோர் டெலிவரி. "30 நாள் வாரன்ட்டி சிஸ்டர், வாடினா மாத்திக் குடுத்துடுவோம்"னு வேற சொன்னாங்க.

அந்த வாரன்ட்டிலதான் விஷயமே இருக்கு. இது கிழக்கு ஆப்பிரிக்கா பக்கத்து செடி, கென்யா, சான்சிபார் அந்த ஏரியா, மழை இல்லாத மாசங்கள தாக்குப் பிடிக்கறதுக்காக மண்ணுக்கடில உருளைக்கெழங்கு மாதிரி கிழங்கு விட்டு அதுல தண்ணி சேத்து வச்சுக்கும். அது மட்டும் இல்ல, இலையிலயே கிட்டத்தட்ட 91 சதவீதம் தண்ணி, தண்டுல 95. அதனால வெட்டி சொருகின தண்டு கூட வேர் இல்லாமலே மாசக்கணக்குல பச்சையா நிக்கும். ரோஜாவ இப்டி சொருகி வித்தா ஒரு வாரத்துல குட்டு வெளிப்பட்டுடும். இதுல 30 நாள் அழகா தாண்டிடும். தெரிஞ்சேதான் இந்தச் செடியப் புடிச்சிருக்காங்க.

வாரன்ட்டி முடிஞ்சு எவ்வளவோ நாளாகியும் ஒரு குருத்து கூட வரல. ஊர்லருந்து வந்த அம்மா ஒரு தண்டப் புடிச்சு லேசா தூக்கினாங்க, அப்டியே கையோட வந்துடுச்சு. "என்னடி இது, கத்தியால அறுத்து நட்டு வச்சிருக்கான்"னாங்க. மத்த அஞ்சும் அதே கதை. ரெண்டு தண்டுல அடி அழுகி கொழகொழன்னு நாத்தம். உள்ள மண்ணே கிடையாது, முழுசும் கோகோபீட் (தேங்கா நார்த் தூள்), தொட்டி அடில ஓட்டையும் இல்ல.

போட்டோ அனுப்பினா, "தண்ணி அதிகமா ஊத்திருப்பீங்க சிஸ்டர், கிழங்கு கரைஞ்சு போச்சு". தம்பி, கிழங்கு அழுகிருந்தா தோலாவது கெடக்கணும்ல, வெட்டின எடம் நேரா தெரியுது பாருங்கன்னேன். உடனே அன்பாக்சிங் வீடியோ இருக்கான்னு கேக்கறாங்க. தொட்டிக்குள்ள இருக்கற வேர அன்பாக்சிங்ல எப்டிங்க காட்டறது? அதோட என்ன பிளாக் பண்ணிட்டாங்க.

அந்த பேஜ்ல "நாசா அப்ரூவ்டு ஏர் ப்யூரிஃபையர்"னு வேற எழுதிருக்கு. நாசா 1989ல சோதிச்ச செடிங்கள்ல இசட் இசட்டே கிடையாது, அதுவும் மூடின சின்ன சேம்பருக்குள்ள வச்சுப் பண்ணது. அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் 2019ல திரும்பக் கணக்குப் போட்டுப் பாத்தவங்க, வீட்டுல சாதாரணமா காத்து வந்து போறதாலயே ஆகற அளவுக்குச் சுத்தமாகணும்னா சதுர மீட்டருக்கு 10லருந்து 1000 செடி வரைக்கும் வேணும்னாங்க. "குழந்தைங்களுக்கு சேஃப்"னு போட்டிருக்கறது அதவிட அக்கிரமம். சேப்பங்கிழங்கு, சேனைக்கிழங்கு குடும்பம்தான் இது, கால்சியம் ஆக்சலேட் இருக்கு, பச்சையா கடிச்சா வாயும் நாக்கும் எரியும், பூனை வச்சிருக்கறவங்களும் பாத்துக்கோங்க.

பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம் பக்கம் நேர்ல போய் வாங்கறது எவ்வளவோ மேல். தண்டோட அடி தடிச்சு இருக்கணும், ஆட்டினா தனியா ஆடாம மண்ணோட சேந்து ஆடணும். கறுப்பு ப்ளாஸ்டிக் தொட்டின்னா பக்கத்துல அமுக்குங்க, கெட்டியா தட்டுப்படும், பழைய செடின்னா கிழங்கு பெருத்து தொட்டியே பிதுங்கி நிக்கும். புதுக்குருத்து ஒண்ணாவது இருந்தா இன்னும் நல்லது. ஒழுங்கான நர்சரிக்காரர்னா கேட்டா உருவியே காட்டுவார், மூஞ்சிய சுளிச்சா அடுத்த கடைக்குப் போங்க. கறுப்பு இசட் இசட்னு டபுள் ரேட் சொன்னா தளிரப் பாருங்க, ஒரிஜினல்ல தளிர் பச்சையா வந்து அப்புறம்தான் கறுக்கும்.

வளக்கறதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஓட்டை உள்ள தொட்டி, செம்மண்ணோட மணல் கலந்து, உள்ள வரைக்கும் காஞ்சப்புறம் மட்டும் தண்ணி. மே மாசத்துல ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, நவம்பர் மழைல மாசத்துக்கு ஒருக்காவே போதும்.

ஏற்கனவே இப்டி ஏமாந்தவங்க குச்சியத் தூக்கிப் போட்றாதீங்க. அழுகினத வெட்டிட்டு, ஒரு நாள் காயவச்சு மணல் கலந்த மண்ணுல நடுங்க, மெதுவா அடில சின்னக் கிழங்கு வைக்கும், குருத்து வர ஒரு வருஷம் கூட ஆகலாம். ஆனா அது வெறும் கட்டிங், அதுக்கு 650 எந்த ஊரு நியாயம்? ஜிபே ஸ்க்ரீன்ஷாட், சேட் எல்லாம் அழிக்காம வச்சு 1915ல, அதான் நேஷனல் கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்ல, கம்ப்ளைன்ட் போடுங்க. நான் போட்டுட்டேன்.