வேலிக்குக் களாச்செடி வாங்க நல்ல இடம்

தருமபுரி பக்கம் கம்பிவேலி போடக் காசில்லாத சின்னக் காட்டுக்காரர்களுக்கு இந்த நர்சரியைத் தைரியமாகச் சொல்வேன். களா விதையைப் பழத்திலிருந்து எடுத்ததும் விதைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் முளைப்பு குறைந்துவிடும். இங்கே பழம் பழுக்கும் பருவத்திலேயே விதை போட்டுவிடுகிறார்கள். வாங்கிய கன்றுகளில் பையைக் கிழித்துப் பார்த்தேன், வேர் சுருளாமல் நேராக இறங்கியிருந்தது. வேறொரு இடத்தில் வாங்கியவை பைக்குள்ளேயே சுருண்டு, நட்ட பிறகு வளராமல் நின்றுவிட்டன.

நடவு முறையையும் நர்சரி அண்ணனே பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். வேலிக்கென்றால் 2 அடிக்கு ஒரு கன்று. ஒரு அடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும், இதைத் தள்ளிப்போடக் கூடாது. கிள்ளினால்தான் அடியிலிருந்தே கிளைத்து, ஆட்டுக்குட்டி நுழைய வழியில்லாமல் அடைக்கும். முள் கணுவுக்கு இரண்டாக நிற்கும். கிளைகளை வெட்டிக் கவாத்து செய்யப் போகும்போது கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். வெட்டினால் பால் வடியும், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கோடை வரைக்கும் தண்ணீர் ஊற்றினால் போதும், அப்புறம் வறட்சியைத் தாங்கிக்கொள்ளும். தண்ணீர் தேங்கும் இடம் மட்டும் ஆகாது.

ஒரு குறை: வெளிர்பச்சைக் காய் வகையும் கருஞ்சிவப்புக் காய் வகையும் கலந்தே தருகிறார்கள். வேலிக்கு அதனால் ஒன்றுமில்லை. ஊறுகாய்க்கு ஒரே நிறம் வேண்டுமென்றால் தாய்ச்செடியைக் காட்டச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஆடியில் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் ஐப்பசி மழைக்கு நடக் கன்று கிடைக்கும்.