எலோ எண்களை வைத்து டென்னிஸ் பந்தயம்: பல சீசன் அனுபவம்

டென்னிஸில் யார் ஜெயிப்பார் என்று கணிக்கப் பல சீசன்களாக எலோ எண்களைப் பயன்படுத்தி வருகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தைப் புரிந்துகொள்ள இது அருமையான கருவி. பந்தயத்தில் காசு பார்க்க இது மட்டும் போதாது. நான் இருப்பது இங்கிலாந்தில். இங்கே 18 வயது நிரம்பியவர்கள் பந்தயம் கட்டலாம். இந்தியாவில் 2025-இல் வந்த சட்டம் காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது. அங்கிருந்து படிப்பவர்கள் கணிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

எலோ என்பது ஆர்பாட் எலோ செஸ் வீரர்களுக்காக உருவாக்கிய கணக்கு. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. ஜெயித்தால் ஏறும், தோற்றால் இறங்கும். எவ்வளவு என்பது எதிரில் நின்றவரைப் பொறுத்தது. இருவருக்கும் 100 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவருக்கு 64 சதவீத வாய்ப்பு. 200 என்றால் 76. ஆண்கள் டென்னிஸ் அமைப்பான ஏடிபியின் தரவரிசை அப்படி இல்லை. கடந்த 52 வாரங்களில் எந்தப் போட்டியில் எந்தச் சுற்று வரை போனார் என்றுதான் அது கூட்டுகிறது, வழியில் யாரை வீழ்த்தினார் என்று பார்ப்பதில்லை. 2022 விம்பிள்டனில் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை அனுமதிக்காததால் தரவரிசைப் புள்ளிகளே தரப்படவில்லை. கோப்பையை வென்ற ஜோகோவிச் மூன்றாம் இடத்திலிருந்து ஏழாம் இடத்துக்கு இறங்கினார்! தரவரிசையை மட்டும் பார்த்துப் பந்தயம் கட்டுபவருக்கு அந்தக் கோடை என்ன கோலத்தில் தெரிந்திருக்குமோ.

எண்களுக்காக நான் போவது ஜெஃப் சாக்மனின் டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் தளத்துக்கு. களிமண், புல், ஹார்ட் கோர்ட் என்று தனித்தனி எண்களும் அங்கே உண்டு. தரை எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். நடால் ரோலன் காரோவில், அதாவது பாரிஸில் களிமண்ணில் நடக்கும் பிரெஞ்சு ஓபனில், 112 ஆட்டம் ஜெயித்து நான்கில்தான் தோற்றார். விம்பிள்டனை ஏழு முறை வென்ற சாம்ப்ராஸ் அங்கே ஒரு தடவைகூட இறுதிக்கு வரவில்லை. நான் மொத்த எண்ணையும் அந்தத் தரைக்கான எண்ணையும் பாதிக்குப் பாதி கலந்து வைத்துக்கொள்கிறேன்.

களிமண்ணில் இது நன்றாகவே ஓடுகிறது, மாட்ரிட் தவிர. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று லேசு, பந்து சீறிப் போகும், பலமான செர்வ் உள்ளவருக்குக் கொண்டாட்டம். ரோமிலும் பாரிஸிலும் அதே ஆள் திணறுவார். எலோவுக்கு மூன்றும் களிமண்தான். புல்தரையில் வேறு சிக்கல்: சீசன் ஜூனில் தொடங்கி விம்பிள்டனோடு அநேகமாக முடிந்துவிடும். இளம் வீரர் ஒருவர் புல்லில் ஆடியதே சில ஆட்டங்கள் என்றால் அந்த எண்ணுக்கு என்ன மதிப்பு? அதனால் ஜூன் மாதத்தில் புல் எண்ணைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. செர்வில் எத்தனை சதவீதம் புள்ளி எடுக்கிறார், எதிராளி செர்வில் எத்தனை எடுக்கிறார் என்று பார்ப்பது அங்கே அதிகம் உதவுகிறது.

சரி, பந்தயத்துக்கு வருவோம். ஜெயிப்பவரைச் சரியாகச் சொல்வது பாதி வேலைதான். எலோ ஒருவருக்கு 64 சதவீதம் தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு நியாயமான ஆட்ஸ், அதாவது ஒரு பவுண்டு கட்டி ஜெயித்தால் கையில் வரும் தொகை, 1.56. பந்தய நிறுவனம் 1.50 தந்தால் அவர் ஜெயிப்பார் என்று எவ்வளவு நம்பினாலும் அதைத் தொடக்கூடாது. அந்த விலைக்கு 66.7 சதவீதம் தேவை. 1.65 கிடைத்தால் கட்டலாம். அப்படிக் கிடைக்கிறதா என்றால், பெரிய போட்டிகளில் அபூர்வம். நான் போடும் கணக்கை அவர்களும் போடுகிறார்கள், கூடவே காயம், பயிற்சி பற்றிய தகவலும் அவர்கள் கையில் இருக்கிறது. அப்புறம் அவர்கள் கமிஷன். சரிசமமான இருவருக்கும் 1.90, 1.90 என்று போட்டால் இரண்டின் வாய்ப்பும் சேர்ந்து 105.3 சதவீதம் வரும். அந்த விலையில் கைக்காசு போகாமல் இருக்கவே 52.6 சதவீதம் சரியாகச் சொல்ல வேண்டும்.

விலை கூடுதலாக இருக்கிறதே என்று பலவீனமானவர் மேல் கட்டுபவர்கள்தான் நீண்ட காலத்தில் அதிகம் இழக்கிறார்கள். 2015 யூஎஸ் ஓபன் அரையிறுதியில் ராபர்ட்டா வின்சி செரீனாவை வீழ்த்தியபோது விலை 300-க்கு 1 என்று செய்தி வந்தது. அதே மாதிரி விலையில் தோற்றவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

ஐந்து செட் ஆட்டமா, மூன்று செட் ஆட்டமா என்பதைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு செட்டை ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதம் என்றால் மூன்று செட் ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு 64.8 ஆகிறது, ஐந்தில் 68.3. கிராண்ட் ஸ்லாம்களில் ஆண்கள் ஐந்து செட் ஆடுவதால் அங்கே பலசாலிக்குக் கூடுதல் பாதுகாப்பு. பாதுகாப்பு என்றால் உத்தரவாதம் இல்லை. 2019 விம்பிள்டன் இறுதியில் பெடரர் 218 புள்ளிகள் எடுத்தார், ஜோகோவிச் 204. கோப்பை போனது ஜோகோவிச்சுக்கு, அதுவும் இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் பெடரருக்குக் கோப்பை என்ற நிலையை (சாம்பியன்ஷிப் பாயிண்ட்) இரண்டு தடவை சமாளித்து. அன்றைக்கு ஆட்டத்தில் பெடரர் கை ஓங்கியிருக்கும் என்று கணித்தவர் சரியாகத்தான் கணித்தார், ஆனால் பணம் போயிற்று.

காயம் எலோவுக்குத் தெரியவே தெரியாது. ஆறு மாதம் ஆடாமல் திரும்பி வருபவரின் பழைய எண்ணை நான் நம்புவதில்லை, சில ஆட்டம் பொறுத்துப் பார்ப்பேன். வீரர் பாதியில் விலகினால் பந்தயம் என்ன ஆகும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் ஒரு செட் முடிந்திருந்தாலே முடிவைக் கணக்கில் எடுப்பார்கள், சிலர் முழு ஆட்டமும் முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவார்கள். கட்டும் முன் அந்த விதியைப் படியுங்கள்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டும் பந்தயத்தை நான் தொடுவதில்லை. டிவியில் நாம் பார்ப்பது சில விநாடி பழையது, மைதானத்தில் இருப்பவருக்கு அதற்குள் தெரிந்துவிடும். 2014 ஆஸ்திரேலியன் ஓபனில் உடைக்குள் வைத்த கருவியால் பந்தயத்துக்காகப் புள்ளிகளை உடனுக்குடன் அனுப்பினார் என்று ஒரு பிரிட்டிஷ்காரர் கைதாகி, பிறகு வழக்கு கைவிடப்பட்டது. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் (ஐடிஎஃப்) சிறிய போட்டிகளையும் விட்டுவிட்டேன். பரிசுத்தொகை சொற்பம், ஆட்டத்தை விற்றதற்காக டென்னிஸ் நேர்மை அமைப்பு தடை விதிக்கும் பெயர்களில் பலர் அந்த மட்டத்தில் ஆடுபவர்கள்.

எல்லாம் மீறிக் கொஞ்சம் நன்றாகக் கணித்தாலும் இன்னொரு கதவு சாத்துகிறது. நான் கணக்கு வைத்திருந்த நிறுவனம் ஒன்று, நான் வாங்கிய விலைகள் ஆட்டம் தொடங்கும் நேரத்து விலையைவிடத் தொடர்ந்து நன்றாக இருந்ததும், ஒரு பந்தயத்தில் நான் கட்டக்கூடிய உச்ச வரம்பைச் சில பவுண்டுகளுக்குக் குறைத்துவிட்டது. காரணம் கேட்டதற்கு வர்த்தக முடிவு என்ற ஒரு வரிதான் பதில். ஆட்கள் ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டும் பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் தளத்தில் எதிர்ப்பக்கம் இருப்பது இன்னொரு ஆள் என்பதால் அந்த மாதிரி குறைப்பு இல்லை, ஆனால் ஜெயித்த தொகையில் கமிஷன் போகும். இப்போது டெபாசிட் வரம்பைக் குறைவாக வைத்துக்கொண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மட்டும் கட்டுகிறேன். மற்ற வாரங்களில் ஸ்ப்ரெட்ஷீட்டில் சதவீதத்தை மட்டும் எழுதிவைக்கிறேன், காசு வைப்பதில்லை.