தமிழ் நூலுக்கு லாடெக்: ஒரு மதிப்பீடு

தமிழில் ஆய்வேடோ உரைநூலோ எழுதுவோர் பெரும்பாலும் சொற்செயலியில் தொடங்கி அதிலேயே முடிக்கிறார்கள். அடிக்குறிப்பும் மேற்கோள் பாடலும் பெருகிப் பக்கங்கள் சில நூறைத் தொட்டபின், ஒரு படத்தை இடம் மாற்றினாலே அடுத்த பல பக்கங்கள் குலைந்துபோகின்றன. அத்தகையோருக்கு நான் தயக்கமின்றிப் பரிந்துரைப்பது லாடெக் என்னும் கட்டற்ற அச்சுக்கோப்பு மென்பொருளை.

தம் நூலின் மறுபதிப்புக்கான மெய்ப்பில் எழுத்துகளின் தரம் தாழ்ந்திருந்ததைப் பொறுக்க மாட்டாமல், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்டு கனூத் 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை உருவாக்கத் தொடங்கினார். லெஸ்லி லாம்போர்ட் 1980களில் அதன்மேல் எழுப்பியதே லாடெக். ஜோனதன் கியூ 2004இல் வெளியிட்ட ஸீடெக் என்னும் டெக்கின் வடிவம், ஒருங்குறியில் (யூனிகோடில்) உள்ள தமிழை நேரடியாக ஏற்றுக்கொண்டதால், கணினியில் உள்ள எந்த ஒருங்குறி எழுத்துருவையும் கொண்டு தமிழ்ப் பக்கங்களை அமைக்க முடிகிறது.

இதன் முதற்சிறப்பு வரி பிரிக்கும் முறை. சொற்செயலிகள் பொதுவாக ஒவ்வொரு வரியாக முடிவு செய்துகொண்டே போகின்றன. டெக்கோ பத்தி முழுவதையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, எங்கெங்கே பிரித்தால் இடைவெளிகள் மொத்தத்தில் சீராக அமையும் என்று கணக்கிடுகிறது. கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட இந்த வழிமுறையின் அருமை, புணர்ந்து நீளும் சொற்கள் நிறைந்த தமிழில்தான் நன்கு விளங்கும். இருபுறமும் சீராக்கிய தமிழ்ப் பத்தியில் சொற்களுக்கிடையே பள்ளம்போல் விழும் வெற்றிடம், இங்கே பெரிதும் குறைகிறது. வரியின் முடிவில் தமிழ்ச் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்னும் விதிகள், டெக் சார்ந்த மென்பொருள்களை ஒன்றாகத் தரும் டெக் லைவ் தொகுப்பிலேயே உள்ளன. பிரிந்த இடத்தில் இணைகோடு தெரியாதபடி, நம் அச்சு மரபுக்கேற்ப அமைத்துக்கொள்ளவும் வழியுண்டு.

உரைநூல் பதிப்பிப்போருக்கு இன்னொரு பயன். இது மூலம், இது பதவுரை, இது பொழிப்புரை என்று குறித்துக்கொண்டே எழுதிச் சென்றால் போதும். பொழிப்புரையின் எழுத்தளவை மாற்ற நினைத்தால், அதன் வரையறையை ஓரிடத்தில் திருத்த நூல் முழுவதும் மாறிவிடும்.

மின்னூலாக வெளியிடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. கொம்பு எழுத்துக்கு முன்னே வரையப்படுவதால், பிடிஎஃப் கோப்பிலிருந்து நகலெடுக்கும்போது ‘கொ’, ‘தெ’ போன்றவை சிதையக்கூடும். அப்படிச் சிதைந்த கோப்பில் தேடலும் தோற்கும். இதற்காகவே உண்மையான உரையைக் கோப்பினுள் பொதிந்துவைக்கும் வசதி ஸீடெக்கில் 2016 முதல் இருக்கிறது. அது தானாக இயங்காது. நாமே ஒரு வரி எழுதி இயக்க வேண்டும். படிக்கத்தக்க கோப்புக்கும் தேடத்தக்க கோப்புக்கும் உள்ள வேறுபாடு அந்த ஒரு வரியில் இருப்பதால், எந்தத் தமிழ்ப் பதிப்பாளரும் அதை விட்டுவிடலாகாது.

டெக் லைவ் தொகுப்பை முழுதாக நிறுவக் கணினியில் பல ஜிபி இடம் வேண்டும். அதைத் தவிர்க்க விரும்புவோர் உலாவியிலேயே இயங்கும் ஓவர்லீஃப்பைப் பயன்படுத்தலாம். ஆனால் அதன் இலவசக் கணக்கில், எழுதியதைப் பக்கங்களாகத் தொகுக்கும் நேரத்துக்கு வரம்புண்டு.

குறைகளும் சிறியவையல்ல. ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் வரும் பிழைச்செய்தி ஆங்கிலத்தில், புதியவருக்குப் பிடிபடாத நடையில் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட படிகளை முதலில் ஒருங்குறிக்கு மாற்றியாக வேண்டும். என்னை மிகவும் வருத்துவது சொல்லடைவு. வழக்கமான அடைவுக் கருவி ஒருங்குறி எண்களின் வரிசையையே பின்பற்றுவதால், னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்துவிடுகின்றன. உயிர்மெய்க்கு முன் நிற்க வேண்டிய மெய், ஔகார வரிசைக்கும் பின்னே தள்ளப்படுகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் வரிசைக்கான குறியீட்டைத் தனியே கொடுத்து இதைச் சரிசெய்யலாம். ஆகவே நீண்ட சொல்லடைவு கொண்ட நூலைத் திட்டமிடுவோர், அச்சுக்குக் கொடுக்கும் நாளுக்கு வெகுமுன்னரே இந்தப் பணியைத் தொடங்கிவிட வேண்டும்.