போர்ட்டை விடாத டொக்கர்: நீக்குவதா, கொல்வதா, ரீஸ்டார்ட்டா?

டொக்கர் என்பது செயலிகளைக் கொண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் போட்டு ஓட்டும் மென்பொருள். அப்படி ஒரு கொண்டெய்னரை நிறுத்தியாச்சு. மறுபடி ஏற்றப் போனால் 8080 போர்ட் (வெளியிலிருந்து அதை அணுகும் இலக்க வாசல்) ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று டொக்கர் மறுக்கிறது. வெள்ளவத்தையில் நான் வேலை செய்யும் இடத்தில் ஒரே டெஸ்ட் சேர்வரைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி: "அண்ணா, டொக்கரை ரீஸ்டார்ட் பண்ணட்டா?" நான் சொல்வது: "பொறு தம்பி, எரரில என்ன இருக்கு என்று முதல்ல வாசி."

ஏனென்றால் அந்த எரர் இரண்டு விதமாக வரும். 'ஆல்ரெடி அலொகேட்டட்' என்றால், டொக்கர் தன் கணக்கில் அந்தப் போர்ட்டை வேறொரு கொண்டெய்னருக்கு எழுதி வைத்திருக்கிறது. 'அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்' என்றால், மறுப்பது இயங்குதளம். ஏதோ ஒரு ப்ரொசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அந்தப் போர்ட்டைத் திறந்து வைத்திருக்கிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வகைக்குக் கொண்டெய்னரைத் தேடி நீக்குவதுதான் சரி. ஓடும் கொண்டெய்னர்களைப் பட்டியலிடும் டொக்கர் பிஎஸ் கட்டளையில் பப்ளிஷ் ஃபில்டராக 8080ஐக் கொடுத்தால் ஆள் அகப்படும். உண்மையிலேயே நின்றுபோன கொண்டெய்னர் போர்ட்டைப் பிடித்து வைத்திருக்காது. அதனால் அகப்படுவது பெரும்பாலும் ரீஸ்டார்ட் பொலிசியால் (நின்றால் மறுபடி ஏற்றச் சொல்லும் அமைப்பு) தானாக எழுந்து வந்த ஒன்று, அல்லது பல கொண்டெய்னர்களை ஒன்றாக ஏற்றி இறக்கும் கொம்போஸ் கருவி விட்டுச் சென்ற அநாதை. இந்த இரண்டாவதுதான் ஆளைச் சுற்றவிடும். கொம்போஸ், வேறு பெயர் சொல்லாவிட்டால், ஃபோல்டரின் பெயரையே ப்ராஜெக்ட் பெயராக எடுக்கும். அதே கோடை வேறு பெயருள்ள ஃபோல்டரில் க்ளோன் செய்து அங்கிருந்து 'டவுன்' (நிறுத்தி நீக்கும் கட்டளை) கொடுத்தால், பழைய ஃபோல்டரில் ஏற்றியவை அசையாது. ஒரே ப்ராஜெக்டுக்குள் சேர்விஸின் பெயரை மாற்றியிருந்தால், 'ரிமூவ் ஓர்ஃபன்ஸ்' சேர்த்துக் கொடுத்தால் போதும்.

இரண்டாவது வகைக்குப் ப்ரொசஸைக் கண்டுபிடித்துக் கொல்வது. போர்ட்டை எந்தப் ப்ரொசஸ் திறந்திருக்கிறது என்று காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையை சுடோ (நிர்வாகி அனுமதி) இல்லாமல் ஓட்டினால் வெறும் திரைதான் வரும்; யாருமே இல்லை என்று நினைத்துவிடுவோம். போர்ட்டுக்கு வருவதைக் கொண்டெய்னருக்குக் கடத்தும் டொக்கர் ப்ரொக்ஸி, நிர்வாகிக் கணக்கான ரூட்டின் பெயரில் ஓடுவதால் சுடோ கட்டாயம். பெயர் தெரிந்த பிறகும் கை வைக்க அவசரப்படாதீர்கள். கொண்டெய்னர் உயிரோடு இருக்கும்போது ப்ரொக்ஸியை மட்டும் கொன்றால் டொக்கரின் கணக்கு அப்படியே இருக்கும், எரர் முதல் வகையாகவே வரும், அவ்வளவுதான். அதோடு, வழக்கமான லினக்ஸ் அமைப்பில் லோக்கல்ஹோஸ்ட் போக்குவரத்து (சேர்வர் தன்னையே அழைப்பது) அந்தப் ப்ரொக்ஸி வழியாகப் போகிறது. வெளியிலிருந்து வருவது ஐபிடேபிள்ஸ் என்ற லினக்ஸின் போக்குவரத்து விதிகள் வழியாக. அதனால் பக்கத்து மேசையில் இருப்பவருக்குத் தளம் திறக்கும், சேர்வருக்குள் இருந்து பார்த்தால் திறக்காது. கொண்டெய்னர் போய், ப்ரொக்ஸி மட்டும் தங்கிவிட்டது என்று உறுதியானால் தாராளமாகக் கொல்லலாம். அகப்பட்டது சேர்வரில் நேரடியாக நிறுவிய போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் மாதிரி ஒன்றென்றால், அதை முறைப்படி நிறுத்துங்கள்.

டொக்கரையே ரீஸ்டார்ட் செய்வது இரண்டு வகையையும் தீர்க்கக்கூடும். அதனால்தான் எல்லோருக்கும் முதலில் அது நினைவுக்கு வருகிறது. ஆனால் லைவ் ரீஸ்டோர் (டொக்கர் நின்றாலும் கொண்டெய்னர்களை ஓடவிடும் அமைப்பு) போட்டிருக்காவிட்டால் அந்த சேர்வரில் ஓடும் எல்லாக் கொண்டெய்னரும் நிற்கும், அடுத்த குழுவின் டேட்டாபேஸும் சேர்த்துத்தான். இன்னொரு சிக்கலும் உண்டு: பொலிசி 'ஆல்வேஸ்' என்றிருந்தால், நீங்கள் கையால் நிறுத்திய கொண்டெய்னரும் ரீஸ்டார்ட்டில் எழுந்து அதே போர்ட்டைப் பிடிக்கும். 'அன்லெஸ் ஸ்டொப்ட்' அப்படிச் செய்யாது. சொந்த மடிகணினியில் ரீஸ்டார்ட் பரவாயில்லை. பகிர்ந்த சேர்வரில் குழுக்களிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

8081க்கு மாறுவது? பயனரிடம் டெமோ காட்ட ஐந்து நிமிடம்தான் இருக்கிறது என்றால் சரி. மற்றபடி ஃப்ரொன்ட்எண்ட் கொன்ஃபிக், கோல்பேக் முகவரி என்று அடுத்தடுத்து மாற்ற வேண்டி வரும், அநாதையும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

முடிந்த இணைப்பு சிறிது நேரம் தங்கும் 'டைம் வெயிட்' நிலையையும் பலர் சந்தேகிப்பார்கள். லினக்ஸில் அது 60 விநாடியில் தானாகத் தீரும். ஒரு நிமிடம் கழித்தும் அதே எரர் வந்தால் அதை விட்டுவிட்டு ப்ரொசஸைத் தேடுங்கள். மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: 5000 போர்ட்டில் முட்டினால் டொக்கரைத் தொடுவதற்கு முன் ஏர்ப்ளே ரிசீவர் அமைப்பைப் பாருங்கள், மேக்ஓஎஸ் மொன்டரே பதிப்பிலிருந்து அந்தப் போர்ட்டை அதுவும் எடுத்துக்கொள்கிறது.