ஃபில்டரை வெளியிலிருந்து திருப்ப எது நல்லது: சிசியா, என்ஆர்பிஎன்னா, சிஸ்எக்ஸா?

சின்தசைசரின் பேனலைத் தொடாமலே அதன் ஃபில்டரை, அதாவது ஒலியின் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியை, திறந்து மூட வேண்டும். கணினியிலிருந்து செய்யலாம், இன்னொரு கீபோர்டிலிருந்து செய்யலாம், நாப்கள் வரிசையாக இருக்கும் கன்ட்ரோலர் பெட்டியிலிருந்தும் செய்யலாம். கேபிளை மாட்டியாகிவிட்டது. கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான மிடியில் எந்தச் செய்தியை அனுப்புவது? கன்ட்ரோல் சேஞ்ச் என்ற சிசி, நான்-ரெஜிஸ்டர்ட் பாராமீட்டர் நம்பர் என்ற என்ஆர்பிஎன், சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் என்ற சிஸ்எக்ஸ் என்று மூன்று வழிகள் இருக்கின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிசியில் தொடங்குங்கள். காதுக்கு அது போதவில்லை என்றால் மட்டும் என்ஆர்பிஎன்னுக்குப் போங்கள். சிஸ்எக்ஸை டோன்களை, அதாவது சின்த்தில் அமைத்து வைத்த ஒலிகளை, சேமித்து வைக்க வைத்துக்கொள்ளுங்கள். சில பழைய சின்த்கள் மட்டும் இதற்கு விலக்கு.

மூன்றுக்கும் பாதை ஒன்றுதான், அந்தப் பாதை குறுகலானது. 1983 ஜனவரியில் அமெரிக்க இசைக்கருவி வணிகர்களின் கண்காட்சியில் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் ப்ராஃபெட்-600ஐயும் ரோலண்டின் ஜுபிடர்-6ஐயும் மிடியால் இணைத்துக் காட்டினார்கள். அப்போது வைத்த வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஐந்து ஊசி டின் கேபிளில் இன்றைக்கும் அதே வேகம்தான். ஒரு பைட்டுக்கு 10 பிட் செலவாகிறது, ஆக விநாடிக்கு 3,125 பைட் மட்டுமே போக முடியும். யுஎஸ்பியில் இந்த நெரிசல் குறைவு. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. செய்தி எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட் ஒதுக்கப்பட்டதால், மதிப்புக்கு மிஞ்சுவது 7 பிட், அதாவது 0 முதல் 127 வரை.

சிசி செய்தி மூன்றே பைட். எந்தச் சேனல், எந்த எண், என்ன மதிப்பு, அவ்வளவுதான். டின் கேபிளில் ஒரு மில்லிவிநாடிக்குள் போய்ச் சேர்ந்துவிடும். சில எண்களுக்கு எல்லாக் கம்பெனி கருவிகளிலும் ஒரே பொருள்: 1 மாட் வீல், 7 வால்யூம், 10 பான் (இடம்-வலம்), 11 எக்ஸ்பிரஷன், 64 சஸ்டெயின் பெடல். பாட்டின் மொத்த அளவை 7-இல் நிறுத்திவிட்டு, ஒரு சங்கதிக்குள் ஏறி இறங்க 11-ஐப் பயன்படுத்துவதுதான் நல்ல பழக்கம். ஃபில்டருக்குப் பெரும்பாலும் 74, அது வெட்டும் இடத்தை எடுப்பாகக் காட்டும் ரெசொனன்ஸுக்கு 71. ஆனால் இந்த இரண்டையும் எல்லாக் கருவியும் மதிக்கும் என்று நினைக்க வேண்டாம். தனக்கென்று வேறு எண் வைத்திருக்கும் சின்த்கள் நிறைய உண்டு.

சிசியின் பெரிய பலம், அதை எல்லாருக்கும் தெரியும் என்பது. சாதாரண கன்ட்ரோலர் கூட அனுப்பும். ரெக்கார்டிங் மென்பொருளில் கோடாக வரைந்து திருத்தலாம். நடுவே ஒரு செய்தி தொலைந்துபோனாலும் அடுத்தது வந்து சரிசெய்துவிடும். மேடையில் இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது வாசிப்பவர்களுக்குத் தெரியும்.

பலவீனம் அந்த 128 படிகள். மனிதக் காதின் எல்லை ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், அதாவது சுமார் பத்து ஆக்டேவ், 120 அரைச்சுரங்கள். ஃபில்டர் அந்த முழு வீச்சிலும் ஓடினால் ஒரு படிக்கு ஓர் அரைச்சுரம் வந்துவிடுகிறது. ரெசொனன்ஸ் குறைவாக இருந்தால் யாருக்கும் தெரியாது. அதைக் கூட்டி, ஃபில்டரே விசில் அடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய் மெதுவாகத் திருப்பினால், வழுக்கிப் போக வேண்டிய ஒலி படிப்படியாக ஏறுவது தெளிவாகக் கேட்கும். பல சின்த்கள் வருகிற மதிப்புகளுக்கு இடையே தாங்களே நிரவிக்கொள்ளும், அவற்றில் சிசி தாராளமாகப் போதும். உங்களுடையது எந்த வகை என்று தெரிய ரெசொனன்ஸை ஏற்றி, 74-ஐ மெதுவாக அனுப்பி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். விவரப் பட்டியலில் போட்டிருப்பதை விட இந்தச் சோதனையைத்தான் நான் நம்புவேன்.

படி கேட்கிறதா? அப்போதுதான் என்ஆர்பிஎன். இது தனி வகைச் செய்தி இல்லை, நான்கு சிசிகளைக் கோத்தது. 99-உம் 98-உம் எந்த அளவுருவை மாற்றப்போகிறோம் என்று சொல்கின்றன, 6-உம் 38-உம் மதிப்பைச் சொல்கின்றன. இரண்டு ஏழு பிட் சேர்ந்து 14 பிட் ஆவதால் 128-க்குப் பதில் 16,384 படிகள் வரை கிடைக்கும். அத்தனையையும் சின்த் பயன்படுத்தும் என்றில்லை. டேவ் ஸ்மித்தின் ப்ராஃபெட் '08-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கட்ஆஃப், அதாவது ஃபில்டர் வெட்டத் தொடங்கும் இடம், 0 முதல் 164 வரை போகிறது, ஒவ்வொரு படியும் ஓர் அரைச்சுரம். 165 நிலைகளை 128 எண்களுக்குள் அடக்கினால் சில நிலைகள் கைக்கே எட்டாது. அதனால்தான் நாப்களைத் திருப்பும்போது சிசியாக அனுப்புவதா என்ஆர்பிஎன்னாக அனுப்புவதா என்று அந்தச் சின்த் மெனுவிலேயே கேட்கிறது. அதில் திருப்பியதை அப்படியே கணினியில் பதிவுசெய்து திரும்ப ஓட்ட வேண்டுமானால் என்ஆர்பிஎன்னைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கு விலை உண்டு. நான்கு செய்தி, 12 பைட், டின் கேபிளில் கிட்டத்தட்ட 4 மில்லிவிநாடி. ஒரு நாப்புக்குப் பரவாயில்லை. நான்கைந்து நாப்களைச் சேர்ந்தாற்போல் திருப்பி, பத்து விரல் கார்டும் வாசித்தால் சுரங்கள் தாமதமாவது தெரியத் தொடங்கும். இதை விடவும் வரிசைதான் தொல்லை. எந்த அளவுரு என்று சொன்ன பிறகுதான் மதிப்பு வர வேண்டும். ஒரே நேரப்புள்ளியில் இருக்கும் செய்திகளை, மிடியைப் பதிவுசெய்து ஓட்டும் சீக்வென்சர்கள் சில, எண் வரிசைப்படி அடுக்கிவிடும். 6-உம் 38-உம் முந்திக்கொண்டால் அந்த மதிப்பு முன்பு தேர்ந்தெடுத்திருந்த ஏதோ ஓர் அளவுருவில் போய் விழும். இரண்டு கன்ட்ரோலர்களை ஒரே சேனலில் கலந்துவிட்டாலும் இதே கதிதான். அதனால் நான்கு செய்திகளையும் ஒரு டிக் (சீக்வென்சரின் மிகச் சிறிய நேர அளவு) ஒரு டிக்காகத் தள்ளி வையுங்கள். வேலை முடிந்ததும் 101-க்கும் 100-க்கும் 127 அனுப்பித் தேர்வை விடுவித்துவிடுங்கள்.

அந்த 101, 100 ஜோடிதான் என்ஆர்பிஎன்னின் உடன்பிறப்பான, எல்லாக் கருவிக்கும் பொதுவான அளவுருக்களுக்கான ஆர்பிஎன். கீபோர்டில் கர்நாடக சங்கீதம் வாசிப்பவர்களுக்கு இது நேரடியாக உதவும். சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டு செய்தி மூன்று பைட்டுக்குள்ளேயே 14 பிட்டைத் தாங்குவதால் கமகத்தில் படி கேட்பதில்லை. வீச்சு மட்டும் வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம். சின்ன அசைவுக்கு அது போதும், நீண்ட ஜாருவுக்குப் போதாது. 101-க்கு 0, 100-க்கு 0, பிறகு 6-க்கு 5 அனுப்பினால் வீச்சு ஐந்து அரைச்சுரமாகிவிடும். வீச்சு கூடக் கூட வீலில் சுருதி நிற்பது கடினமாகும் என்பதால், தேவைக்கு மேல் கூட்ட வேண்டாம். பெண்டு அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் இழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். சுருதிக்காகப் பிடித்து வைத்திருக்கும் ஸ-ப கூடவே நகர்ந்தால் எல்லாம் போச்சு. அதை வேறு சேனலில் வையுங்கள்.

இனி சிஸ்எக்ஸ். 240 என்ற பைட்டில் தொடங்கி 247-இல் முடியும். இடையே என்ன இருக்க வேண்டும் என்பதைக் கருவியைச் செய்த கம்பெனி தீர்மானிக்கும். முதலில் வருவது கம்பெனியின் எண்: யமஹாவுக்கு 67, கோர்குக்கு 66, ரோலண்டுக்கு 65. ஒரு மாடலுக்காக எழுதியது இன்னொன்றுக்குப் பொருந்தாது. சில கருவிகள் கடைசியில் சரிபார்ப்பு எண் கேட்கும், அது தப்பானால் செய்தியையே புறக்கணித்துவிடும். நாப் திருப்ப இது வசதியான வழி இல்லை.

ஆனாலும் சில சின்த்களுக்கு இதுதான் ஒரே வழி. 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106-இன் ஃபில்டர் சிசிக்கு அசையாது. அதன் ஸ்லைடர்கள் 7 பைட் சிஸ்எக்ஸாகத்தான் பேசும், அதுவும் பின்பக்க மிடி ஸ்விட்ச் மூன்றாவது நிலையில் இருந்தால் மட்டும். 7 பைட் என்பது என்ஆர்பிஎன்னின் 12-ஐ விடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். சிஸ்எக்ஸ் என்றாலே மெதுவாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வது சரியில்லை.

மெதுவாக இருப்பது மொத்தமாக அனுப்பும் டம்ப். யமஹா டிஎக்ஸ்7-இன் 32 டோன்கள் சேர்ந்து 4,104 பைட், டின் கேபிளில் சுமார் 1.3 விநாடி. அது போய் முடியும் வரை தாளவேகத்தை ஒத்திசைக்கும் க்ளாக் போன்ற நிகழ்நேரச் செய்திகளைத் தவிர எதுவும் குறுக்கே நுழைய முடியாது, சுரங்களும் காத்திருக்க வேண்டும். பாட்டின் நடுவே இதைச் செய்யவே கூடாது. வீட்டில் கட்டாயம் செய்ய வேண்டும். அந்தக் காலத்துச் சின்த்கள் டோன்களை உள்ளே இருக்கும் பேட்டரியின் தயவில்தான் நினைவில் வைத்திருக்கின்றன, பேட்டரி தீர்ந்தால் வருடக்கணக்கில் செதுக்கிய ஒலிகள் போய்விடும். டம்பைக் கணினியில் கோப்பாக எடுத்து வைத்தால் பயமில்லை. பெறும் பக்கம் தடுமாறினால் அனுப்பும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

2018-இல் ஏற்கப்பட்ட எம்பிஇ என்ற மிடி விரிவாக்கம் ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுப்பதால், ஒரு சுரத்தை மட்டும் வளைக்க முடியும். 2020-இல் வந்த மிடி 2.0-வில் கன்ட்ரோலர்கள் 32 பிட்டுக்குப் போய்விட்டன. இரண்டு முனையிலும் அதைப் புரிந்துகொள்ளும் கருவி இருந்தால்தான் பலன், கையில் பழைய கீபோர்டு இருப்பவருக்கு இப்போதைக்கு மேலே சொன்ன மூன்றுதான்.

எந்த வழி உங்கள் கருவியில் திறந்திருக்கிறது என்பதை மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் மிடி அட்டவணை சொல்லும். அனுப்புவதற்கு ஒரு பத்தி, ஏற்பதற்கு இன்னொரு பத்தி இருக்கும். ஓ என்றால் உண்டு, எக்ஸ் என்றால் இல்லை. பார்க்க வேண்டியது ஏற்கும் பத்தியை. செகண்ட் ஹேண்ட் சின்த் வாங்கப் போகிறவர்கள் விலை பேசுவதற்கு முன்பே இந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துவிடுங்கள். மேனுவல் கிடைக்கவில்லை என்றால், கணினியில் ஒரு மிடி மானிட்டரைத் திறந்து வைத்து, சின்த்தின் கட்ஆஃப் நாப்பைத் திருப்புங்கள். 74 போல ஒரே எண் மட்டும் வந்தால் சிசி. 99, 98, 6, 38 என்று கொத்தாக வந்தால் என்ஆர்பிஎன். 240-இல் தொடங்கினால் சிஸ்எக்ஸ். வந்ததை அப்படியே திருப்பி அனுப்புங்கள், ஃபில்டர் அசைந்தால் உங்கள் வழி அதுதான்.