சைடர்: ஒரு சொல், இரண்டு பானம்

இங்கிலாந்தில் 'சைடர்' கேட்டால் ஆப்பிள் மது வரும். அமெரிக்காவில் வருவது பெரும்பாலும் வடிகட்டாத, பழுப்பாகக் கலங்கிய இனிப்புச் சாறு. மது வேண்டுமென்றால் 'ஹார்டு சைடர்' என்று சொல்ல வேண்டும்.

சொல்லின் வேரைப் பார்த்தால் இங்கிலாந்தின் பக்கம்தான் நியாயம். எபிரேய 'ஷேகார்', கிரேக்கத்தில் 'சிகேரா', லத்தீனில் 'சிசெரா', பழைய பிரெஞ்சில் 'சிட்ரே' என்று உருமாறி வந்தது. தொடக்கப் பொருள் 'போதை தரும் பானம்'. ஆப்பிளுக்கு அதில் இடமே இல்லை. 14ஆம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பான விக்ளிஃப் பைபிளில்கூட 'சைடர்' இந்தப் பழைய பொருளில்தான் வருகிறது. ஆப்பிள் ஒட்டிக்கொண்டது பிரெஞ்சு மண்ணில்.

செய்முறையில் முதல் பாதி ஒன்றே: பழத்தை அரைத்து, கூழைப் பிழிவது. அமெரிக்கச் சாறு பெரும்பாலும் சூடாக்கப்பட்டு, குளிரில் வைக்கப்படும். சூடாக்காததை வெளியே வைத்துவிட்டால் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தொடங்கும். மூடி இறுகிய பாட்டில் வாயுவால் உப்பும். இங்கிலாந்தில் அதே நொதித்தலை வேண்டுமென்றே வாரக்கணக்கில் நடத்துகிறார்கள். அங்கே வரிக் கணக்கில் சைடர் எனப்பட 35% ஆப்பிள் சாறாவது வேண்டும், ஆல்கஹால் 1.2%க்கு மேல், 8.5%க்குள்.

நம் கடைகளில் விற்கும் ஆப்பிள் சைடர் வினிகர்? அது மதுவான சைடரைக் காற்றுப்படப் புளிக்கவைத்தது.