பாத்ரூம் கம்பியா, கால் பயிற்சியா? வயசானவங்க விழாம இருக்க எது முதல்ல

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்டத்து வீடுங்கள பாத்தவங்களுக்கு தெரியும், அடுப்படி தாண்டி ஒரு படி கீழ எறங்குனாத்தான் குளிக்கிற ரூம், சிமெண்டு தரை எப்பவும் ஈரம், பாசி வேற, பாட்டிங்க ராத்திரில லைட்டு கூட போடாம போவாங்க. அதனால வீட்ட சரிபண்றதுதான் முதல்ல தோணும்: சுவத்துல கைப்பிடி கம்பி (துண்டு மாட்டுற கம்பி ஆள் வெயிட்ட தாங்காது, செங்கல்லுல ஸ்க்ரூ அடிச்சதா இருக்கணும்), வழுக்காத பாய், படி ஓரத்துல மஞ்ச பெயிண்ட், போற வழியில சின்ன லைட்டு. 2023ல வந்த காக்ரேன் (மருத்துவ ஆய்வுங்கள சேத்து அலசுற அமைப்பு) ஆய்வுத் தொகுப்பு, இப்பிடி சரிபண்ணா விழுறது சுமார் 26% குறையுதுன்னு சொல்லுது, விழுற ஆபத்து அதிகமுள்ளவங்களுக்கு 38%.

ஆனா கம்பி வீட்டோட நின்னுரும். கோயிலுக்கும் பாசாருக்கும் கால்தான் கூட வரும். பயிற்சி செஞ்சா விழுறது 23% குறையுதுன்னு 2019 காக்ரேன் கணக்கு சொல்லுது. வயசானவங்க விழாம இருக்க நியூசிலாந்துல உருவான ஒட்டாகோ பயிற்சி முறைல வாரம் மூணு தடவ, அரை மணி நேரம்: நாற்காலிலருந்து கை ஊனாம எந்திரிக்கிறது, மேசைய புடிச்சிக்கிட்டு நுனிக்கால்ல நிக்கிறது, அது போக நடை. பலன் மெதுவாதான் வரும், விட்டுட்டா போயிரும். 'காலமெல்லாம் பால்மரம் வெட்டுனவன், எனக்கெதுக்கு'ன்னு தாத்தாங்க சொல்லுவாங்க, விடாதீங்க, தசை வயசாக ஆக கரையும்.

என்ன கேட்டா, ஒருதடவ விழுந்தவங்க வீட்ல கம்பி இந்த வாரமே, கூடவே பயிற்சி. நல்லா நடக்குறவங்களுக்கு பயிற்சிதான் முதல்ல. தூக்க மாத்திர, பிரஷர் மாத்திர சாப்புட்டு தலசுத்துனா ரெண்டுக்கும் முன்னாடி கிளினிக்ல மாத்திரைய காட்டி கேளுங்க, நீங்களா நிறுத்தாதீங்க.